மூத்தாளா என்று கேட்டேன்

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கினேன். யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுத ஒரு மாதம் ஆனது.

அப்போது ஊருக்கு ஒரு டிவிதான். பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டிவியில், ரஷ்யாக்காரர் ஒருவர் எழுதிய கதைகளைப் படமாக்கி ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போட்டார்கள். கீழே ஓடிய இங்கிலீஷைப் படித்து எங்கள் பள்ளிக்கூட டீச்சர் தமிழில் சொல்வாள். ஒரு படத்தில் ரயில் முன்னால் ஒருத்தி விழுந்தாள். எல்லாரும் அழுதார்கள். புருஷனை விட்டுப் போனவளுக்கு என்ன அழுகை என்று நான் அழவில்லை.

கடைசி வாரம் அந்த எழுத்தாளருடைய வாழ்க்கையையே படமாகக் காட்டினார்கள். வயதான காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியவர், வழியில் காய்ச்சல் கண்டு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் படுத்துவிட்டார். மனைவி தேடிக்கொண்டு வந்தாள். உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. அவள் வெளியே குளிரில் எக்கி நின்று சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

என் வாய் தானாகக் கேட்டுவிட்டது. "அது மூத்தாளா டீச்சர்?"

"அவருக்கு ஒரே சம்சாரம்தான்க்கா. எல்லாரு வூட்லயும் ரெண்டு இருப்பாங்களா இன்னா?"

கூட்டம் சிரித்தது. டீச்சர் வில்லியனூர்க்காரி, எங்கள் வீட்டுக் கதை தெரியாது. பக்கத்தில் இருந்த என் ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை.

நான் இளையாள். மூத்தாளுக்குப் பிள்ளை இல்லை என்று என்னைக் கட்டினார்கள். நான் வந்த வருஷமே அவள் சோரியாங்குப்பத்தில் இருந்த தாய் வீட்டுக்கே போய்விட்டாள். பல வருஷம் கழித்து வீட்டுக்காரர் காமாலையில் படுத்தபோது, கேள்விப்பட்டு வெயிலில் நடந்தே வந்தாள். நான் கதவைத் தாழிட்டேன். யாரையும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அவள் சன்னல் கம்பியைப் பிடித்து எக்கினாள். பழைய புடவை ஒன்றை இழுத்து மறைத்தேன்.

"யாரு, அவளா? வரச் சொல்லு" என்றார் அவர். குரல் வெளியே எட்டாது.

"பால்காரன்" என்றேன்.

அவர் அவள் கையைப் பிடித்து, என்னிடம் ஒருநாளும் சொல்லாத எதையோ சொல்லிவிடுவார் என்று பயம். மூன்றாம் நாள் போய்விட்டார். எடுத்துப்போன பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னைக் கேட்டாராடி?"

"இல்ல."

அந்தப் படம் பார்த்த மறுநாள் பஸ் ஏறி சோரியாங்குப்பம் போனேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி, இன்னிக்கித்தான் வழி தெரிஞ்சிதா?" என்று சிரித்தாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். என் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விசாரித்தாள். நான் கரும்பு வெட்டைப் பற்றிப் பேசினேன், மழையைப் பற்றிப் பேசினேன். பஸ் வந்ததும் எழுந்துவிட்டேன். அந்த மாசியில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

பேத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள். மொதல்லேர்ந்து படிச்சிக் காட்டுடி. 'வரச் சொல்லு'ன்னு உன் தாத்தா சொன்ன எடத்த மட்டும் வெளிய கேக்கறாப்ல சத்தமா படி.