‘வேணாம்’ என்ற வாசலுக்குப் போய்வந்தவர்

செய்தி வந்தபோது நான் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக் காவல்காரர் சூசை வாசலில் வந்து நின்றார். "பிலோமின் டீச்சர் பூட்டாங்கம்மா. காலைல பூசைக்குக் கெளம்பறப்போ மாரு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். அவ்ளோதான்" என்றார். அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. முந்தின நாள் என்னோடு சண்டை போட்ட மனுஷி, சொல்லாமல் கொள்ளாமல் போவதாவது! "கணக்கை முடிச்சிட்டு வரேன், போங்க" என்று சூசையை விரட்டினேன். பலகையில் போட்ட விடை தப்பு. பிள்ளைகள் யாரும் அதைச் சொல்லவில்லை.

எங்கள் இளம்பெண்கள் சங்கத்தில் இருந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டீர்கள். தையல் டீச்சர், தங்கமானவர், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் சொன்னீர்கள். அதிர்ந்து பேசாதவரா? என் காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. அஞ்சலையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிலோமின் உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் முதலில் பேசியிருப்பார்.

சங்கத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். ஞான உபதேச வகுப்பில் இரக்கத்தைப் பற்றி ஒப்பிக்கிற பெண்கள், கோயில் வாசலில் கையேந்துகிறவளைச் சுற்றிக்கொண்டு போகிறார்களே என்ற எரிச்சல் அவருக்கு. சனிக்கிழமை தோறும் தர்ம ஆஸ்பத்திரிக்கு உங்களை அழைத்துப்போனோம். புண்ணைத் துடைப்பது, நகம் வெட்டுவது, கஞ்சி ஊட்டுவது என்று ஆளுக்கொரு வேலை. முதல் நாள் ஒரு பெண் சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். பிலோமின் அதைப் பிடுங்கி, அருகில் படுத்திருந்தவளின் வாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "மூக்க வுட வாய்க்குத்தான் இது அவசரம்" என்றார். வீட்டுக்குப் போய் அந்தப் பெண் அழுதாளாம். அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றதும் அவள்தான்.

அப்போது அவர் அடிக்கடி சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. "ஏழைய வாய் தொறந்து கேக்க வெக்காதீங்க. கேக்கறதுக்குள்ள அவங்களுக்குப் பாதி உசுரு பூடும். கண்ணால பாருங்க, கையால செய்யுங்க." நல்ல வார்த்தை என்று நானும் தலையாட்டினேன். அந்த நல்ல வார்த்தைதான் எங்களைக் கவிழ்த்தது.

அஞ்சலையை விஷக் காய்ச்சலோடு கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தேங்காய்த்திட்டில் மீன் விற்கிறவள், புருஷன் இல்லை. நினைவு தப்பிக் கிடந்தாள். தலைமுடி எண்ணெய் காணாமல், சீப்புப் படாமல், கயிறாகத் திரிந்து இடுப்பு வரைக்கும் கிடந்தது. பேன் புழுத்திருந்தது. பெண்கள் முகம் சுளித்தார்கள். பிலோமின் சுளிக்கவில்லை. "பாவம், யாரும் இல்லாதவ. தலைய வாரிவிடக்கூட ஆள் இல்ல. வெட்டிடுங்க" என்றார். கத்தரியைப் பிடித்தவள் உங்களில் ஒருத்தியான செலின். ஒட்ட வெட்டி, தலையைக் கழுவி, மருந்து போட்டு, வெட்டின முடியைக் குப்பையோடு எரித்தும் ஆயிற்று. சேசுநாதருக்கே பணிவிடை செய்த பெருமை அன்றைக்கு எல்லோர் முகத்திலும். எனக்கும்தான்.

அடுத்த சனிக்கிழமை காய்ச்சல் இறங்கியிருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் அஞ்சலை தலையைத் தடவிக்கொண்டே கத்தினாள்: "எம் புள்ளைய அறுத்துட்டீங்களே! எம் புள்ளைய அறுத்துட்டீங்களே!"

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவளுடைய ஒரே மகன் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சமையலுக்கென்று சைகோனுக்குக் கப்பலேறியவன். அந்த நாட்டில் யுத்தம் மூண்ட பிறகு தகவலே இல்லை. அவன் திரும்பி வரும்வரை தலையில் சீப்பு வைப்பதில்லை, வந்ததும் அந்த முடியை மயிலம் முருகனுக்குக் கொடுப்பது என்று அவளுக்கு வேண்டுதல். அழுக்கு என்று நாங்கள் வெட்டி எறிந்தது அவளுடைய பிரார்த்தனையை. நமக்கு நோன்பும் பொருத்தனையும் உண்டு. அவளுக்கும் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, அதுதான்.

பிலோமின் அவள் காலைப் பிடித்தார். அஞ்சலை காலை இழுத்துக்கொண்டாள். கடைசியில், "என்னக் கொண்டும்போயி மயிலத்துல வுடுங்க. அந்த முருகன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். அவளுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. யாராவது துணைக்குப் போயாக வேண்டும். "நான் வரேன்" என்றார் பிலோமின். "நானும் வரேன் டீச்சர்" என்று செலின் அழுதாள்.

அங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை. இந்துக் கோயிலுக்குக் கிறிஸ்தவப் பெண்ணை அழைத்துப்போனால் பங்குச் சாமியார் சங்கத்தை இழுத்து மூடிவிடுவார் என்றேன். "மூடட்டும்" என்றார். "செலினோட அப்பாவக் கேட்டியா?" என்றேன். "கேட்டா வுடமாட்டாரு." "அப்போ நீ இன்னும் கேக்கக் கத்துக்கல" என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் அழைத்துப்போனார். அது தவறு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். செத்துப்போனார் என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அங்கே நடந்ததைச் செலின் சொன்னாள். அஞ்சலையைத் தாங்கிப் படியேற்றிவிட்டு, இருவரும் அவள் மூட்டையை வைத்துக்கொண்டு வெயிலில் வெளியிலேயே நின்றிருக்கிறார்கள். திரும்பி வந்தவள், "மொட்டத் தலையக் காட்டனேன். அவன் ஒண்ணுஞ் சொல்லல" என்றாளாம்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர்கள் வந்து சேருவதற்கு முன் செய்தி வந்துவிட்டது. செலினின் அப்பா கொதித்தார். சாமியார் சங்கத்தைக் கலைத்தார்; உபதேச வகுப்பும் பிலோமின் கையைவிட்டுப் போயிற்று. உங்களில் பலருக்கு அதற்குப் பிறகு சனிக்கிழமை வெறும் சனிக்கிழமையாகிவிட்டது. அதுதான் என் பெரிய வருத்தம். ஒரு தப்பைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின்னால் அவர் கற்றுக்கொண்டதை நீங்கள் யாருமே பார்க்காமல் போனீர்கள்.

சைகோன் மகன் வரவில்லை. பிலோமின் மட்டும் சனிக்கிழமைகளில் முத்தியால்பேட்டையிலிருந்து தேங்காய்த்திட்டுக்கு நடந்தே போவார். அஞ்சலை வீட்டு வாசலில் நின்று, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்பார். "ஒண்ணும் வேணாம், போ" என்பாள் அவள். இவர் திரும்பி வருவார். "வேணாம்னா வுட்டுடேன், எதுக்கு அவளைத் தொந்தரவு பண்ற?" என்று சாவதற்கு முந்தின நாள்கூடத் திட்டினேன். "வேணாம்னு சொல்றதுக்கு அவளுக்கு உரிமை இருக்கு. அன்னிக்கு நாம அத அவளுக்குக் குடுக்கல" என்றார். நான் இன்னும் உரக்கத் திட்டினேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்த மறுவாரம் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். அஞ்சலை ஓலைப்பாயில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். பிலோமின் போய்விட்டதைச் சொன்னேன். பாய் முழுக்கப் புரட்டி முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை.

"வந்து வந்து கேக்கும். வெரட்டிவுடுவேன். மறுபடி வரும்" என்றாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு என்ன வேணும்னு வேற யாரு வந்து கேட்டா? இனிமே யாரப் பாத்து நான் வேணாங்கறது?"

அவள் மன்னித்தாள் என்று நான் எழுத மாட்டேன். மன்னிக்கவில்லை. "நான் வந்து கேக்கட்டுமா?" என்றேன். "வந்தா வா. வேணாம்னுதான் சொல்லுவேன்" என்றாள்.

பிலோமினிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த வாசல் ஒன்றுதான். சனிக்கிழமை போகிறேன். உங்களில் யாருக்காவது மனமிருந்தால் கூட வாருங்கள். கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம்.