றெஜினா அக்காவின் கறுப்புக் கோடு

றெஜினா அக்கா போய்விட்டார்... இன்று காலை, ஆஸ்பத்திரியில்.

தலைமன்னார் ரோட்டில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த அதே அக்காதான். போன கிழமைகூட, நான் மறந்து கொண்டுபோன பேனையைத் திருப்பிக் கேட்டார்.

தெரியாதவர்களுக்காக... எங்கள் கரையில் வீடுகள் எட்ட எட்டத்தான். மிச்சமெல்லாம் பனை, மணல், கரைவலை இழுக்கிற இடம்.

அங்கே ஐந்து மாடி ஹோட்டலும் வரிசையாக வில்லாக்களும் கட்ட ஒரு கம்பனி வந்தது. கட்டினால் வலை இழுக்க எங்களுக்குக் கரை இல்லை.

எதிர்ப்பு மனுவோடு வீடு வீடாகப் போனவன் நான். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள், அக்காவைத் தவிர.

"இந்தப் பக்கத்தில வெறும் பேர்தானே தம்பி கிடக்கு. என்னத்துக்குக் கையெழுத்து எண்டு எங்க எழுதிக் கிடக்கு?"

"அது முதல் பக்கத்தில இருக்கு அக்கா."

"முதல் பக்கத்தைக் கழட்ட எவ்வளவு நேரம் செல்லும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பனி ஆட்களும் அவர் கடையில்தான் கொப்பி அடிப்பார்கள். உடனே முடிச்சுப் போட்டுவிட்டேன்.

"அக்காவையும் வாங்கிப்போட்டாங்கள்" என்று எங்கள் வாட்ஸ்அப் குறூப்பில் போட்டது நான்தான். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.

பிறகு கம்பனி ஒரு கூட்டம் வைத்தது. தின்ன ரோல்ஸ், குடிக்க நெஸ்கபே, வாசலில் சில தாள்கள். "வந்த ஆக்கள் பேரை எழுதிக் கையெழுத்து வையுங்கோ" என்றார் ஒருவர், நல்ல சிரிப்போடு.

எதிர்த்துப் பேசப் போன நாங்களும் வரிசையில் நின்று வைத்தோம். அக்கா ரோல்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டு பின் கதிரையில் போய் இருந்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பிரதேச சபைக் கந்தோரில் கம்பனி கொடுத்த ஒரு கடிதம். 'ஊர் மக்களின் சம்மதம்'. கீழே எங்கள் பேர், எங்கள் கையெழுத்து. முதல் பேர் என்னுடையது.

அதன் கொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு அக்காவிடம்தான் போனேன். வேறு எங்கே போவது...

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பேர் இருக்கிற பக்கமெல்லாம் ஓரத்தில ஒரு கறுப்புக் கோடு ஓடுது, பாருங்கோ. அது என்ர மெஷின்ட கண்ணாடிக் கீறல். கூட்டம் முடிஞ்ச அண்டைக்கு இஞ்சதான் அடிச்சவங்கள். முதல் பக்கத்தில கோடு இல்லை. அதை வேற எங்கயோ அடிச்சு மேல வைச்சிருக்கிறாங்கள்."

அந்தக் கோட்டைக் காட்டித்தான் கடிதத்தை நிறுத்தி வைத்தோம். முடிவு இன்னும் வரவில்லை.

மனுவைத் திரும்ப எழுதினோம். இந்த முறை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் விஷயம். முதல் கையெழுத்து அக்காவுடையது.

குறூப்பில் நான் போட்டதை அவர் அறிந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் மரண வீட்டுக்குப் போனேன். வாசலில் கம்பனியின் மலர்வளையம்தான் பெரிசு. முன் கதிரையில் அவர்களின் ஆட்கள் இரண்டு பேர்.

பக்கத்து மேசையில் எழுதுகிற புதுக் கொப்பிப் புத்தகம் ஒன்று, ஒரு பேனை. வந்தவர்கள் பேரை எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் தம்பியைக் கேட்டேன். "இதை ஆர் வைச்சது?"

"தெரியாதே... நீங்கள் வைச்சது எண்டெல்லோ நான் நினைச்சன்."

பக்கத்தின் தலையைப் பார்த்தேன். வெறுமை.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்து எழுதினேன். 'றெஜினா அக்காவின் மரண வீட்டுக்கு வந்தோம். வேறு எதற்கும் அல்ல.' அதற்குக் கீழேதான் என் கையெழுத்து.

அடுத்த பக்கத்திலும் எழுதினேன். அதற்கடுத்ததிலும். முன் கதிரைக்காரர் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பக்கம் வரைக்கும் எழுதிவிட்டுத்தான் எழும்பினேன், அக்கா. நிம்மதியாய்ப் போங்கோ.