ஒன்றரை நாள் பிந்தும் நிலா

பிரெஸ்ட் துறைமுகத்தில், நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடலின் ஓதம் பார்ப்பது கூல்வெனின் வேலை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அளவுகல்லின் முன் குந்தி, கடல் எவ்வளவு ஏறியது என்று குறித்துப் பாரிசிலுள்ள அறிஞர் சபைக்கு அனுப்ப வேண்டும். இருபது வருடம் குறித்தான். அத்தோடு நிற்காமல் யோசிக்கவும் தொடங்கினான், வினை பிடித்தது.

பௌர்ணமி கழிந்து ஒன்றரை நாளில் வரும் மூன்றாம் ஓதம்தான் வழக்கமாகப் பெரியது. நிலாவின் இழுப்பு பூமிக்கு வந்து சேர ஒன்றரை நாள் ஆகிறது, அதனால்தான் இந்தத் தாமதம் என்று முடிவுகட்டினான். சான்றுக்குப் பத்து பௌர்ணமிக் கணக்கை எடுத்தான். ஒன்பது ஒத்துவந்தன. மார்ச் மாதம் மட்டும் நான்காம் ஓதம் பெரிதாக இருந்தது. அதில் மூன்று விரற்கடையைக் குறைத்து எழுதி, தன் முடிவோடு அனுப்பிவிட்டான்.

அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. தூதுவால் என்ற மீனவன் வேறு சீண்டுவான்.

"நிலாவோட இழுப்பே ஒன்றரை நாள்ல வந்துடுதாம். பாரிசு தபாலுக்கு நாலு மாசம் போதலியா?"

தபால் வந்தது. இழுப்பு அவ்வளவு மெதுவாக வந்தால் நிலா தன் பாதையில் நிலைத்திருக்காது. துறைமுகத்துக்குத் துறைமுகம் தாமதம் மாறுகிறது, ஆகவே அது அந்தந்தக் கடலின் போக்கு என்று எழுதியிருந்தார்கள். அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். அடுத்த வரியைத்தான் இரண்டுமுறை படித்தான். எப்போதும் உங்கள் ஓதத்தோடு ஒத்துப்போகும் வடக்குத் துறைமுகத்தில் ஓதம் பார்ப்பவர், மார்ச்சில் நான்காம் ஓதத்தைப் பெரிதாகக் குறித்திருக்கிறார். உங்கள் கணக்கில் நாங்கள் பிழையே கண்டதில்லை என்பதால் அவரை வேலையிலிருந்து நீக்குகிறோம்.

மனைவி லெவெனெஸ் கடற்பாசிக் கூடையை இறக்கினாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"மூணு விரற்கடைக்கு ஒருத்தன் சோத்துல மண்ணா?" என்றாள்.

"உண்மையச் சொன்னா என் வேலை போயிடும்."

"போகட்டும். பாசி அள்ள எனக்கும் ஆள் வேணும்."

"வேலை கெடக்கட்டும், லெவெனெஸ். இருபது வருஷக் கணக்கையும் இனி எவன் நம்புவான்? மழையில நனைஞ்சு எழுதுனது."

"அவரும் மழையிலதாங்க எழுதியிருப்பாரு."

கூல்வென் தாளை எடுத்தான். 'மார்ச், நான்காம் ஓதம்: நான் எழுதியது பொய். மூன்று விரற்கடை கூட்டிக்கொள்ளவும். வடக்குத் துறைமுகக்காரர் சரியாகப் பார்த்திருக்கிறார்.' மை உலரும் முன்பே தபால் வண்டியை நோக்கி ஓடினான். நின்றால் மனம் மாறிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.