அடிக்கட்டையில் ஒரு குந்துமணித் தங்கம்

சூடாமணி பயப்படுவதற்குத் தனியாகக் காரணம் எதுவும் வேண்டாம். பால் பொங்கக் கொஞ்சம் தாமதமானால் காஸ் தீர்ந்துவிட்டதோ என்று பயப்படுவாள். வாசலில் தந்திக்காரர் நின்றால், பக்கத்து வீட்டுக்கு வழி கேட்கத்தான் நிற்கிறார் என்றாலும், உள்ளே ஓடிச் சாமி படத்தைக் கும்பிடுவாள். மதுரை விளாங்குடியில் எதிர் வீட்டுக்காரியாக இருந்து இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் தொண்ணூற்றேழாம் வருஷம் பட்ட பயத்தை அவள் பின்னால் என்னிடம் முழுசாகச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்த வருஷத் தொடக்கத்தில் அவள் கணவர் சந்தானம் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். சௌராஷ்டிர நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறி வேண்டாமென்று மில்லுக்குப் போன மனிதர். மூடிய மறுநாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டதும் மறுபடி போய்ப் படுப்பார். மகள் இந்துப்ரியா பள்ளிக்கூடக் கதை சொன்னால் ‘உம்’ என்பதோடு சரி. “இவருக்கு என்னமும் ஆயிருமோன்னு பயமா இருக்குக்கா” என்று சூடாமணி என்னிடம் வந்து புலம்புவாள்.

அப்புறம்தான் படகு வந்தது. மகளுக்காகப் பழைய புத்தகக் கடைக்குப் போனவர் கையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையோடு திரும்பினார். வீட்டிலேயே சின்னப் பாய்மரப் படகு கட்டுவது எப்படி என்று அதில் படம் போட்டிருந்தது. மதுரையில் படகா என்று தெருவே சிரித்தது. கடலைப் பார்க்க ராமேஸ்வரம் பஸ் ஏற வேண்டிய ஊர் இது. மனிதருக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஆனால் எழுந்துவிட்டாரே. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ரம்பச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அளவைத் தப்பாக எடுத்ததில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பிரித்துப் போட்டு மறுபடி அடித்தார். கித்தான் வாங்கி வந்து தானே பாய் தைத்தார். சாப்பிட உட்கார்ந்தால் வாய் ஓயாமல் படகுப் பேச்சு. சூடாமணிக்குப் படகு பிடிக்கவில்லை, அந்தப் பேச்சு மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது.

கனமான வேலைகளுக்கு ஆண்டிச்சாமி வந்தார். கதவும் ஜன்னலும் செய்கிறவர். அவரும் அதற்கு முன் படகு செய்ததில்லை. சந்தானம் ஆணி வாங்க டவுனுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவர் சூடாமணியிடம் கேட்டார்.

“யக்கா, வீட்டுக்கு வாசல் நிலை வைக்கிறப்ப அடியில பொன்னு போடுவோம்ல. இதுக்குப் போட வேணாமா? அண்ணே தண்ணிக்குள்ளல்ல போகப்போறாரு.”

கேட்டவுடன் அவளுக்குத் திக்கென்றது. இவ்வளவு பயந்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? உடைந்த மூக்குத்தியிலிருந்து ஒரு குந்துமணித் தங்கத்தை எடுத்து வந்தாள். “அவருகிட்டச் சொல்லிராதீங்க, திட்டுவாரு” என்றாள். படகின் நடுவே நீளமாக ஓடும் அடிக்கட்டையில் ஆண்டிச்சாமி துளை போட்டார். நிலைக்கட்டை கனத்துக்குப் பழகிய கை. துளை அடிப்பலகையையும் தாண்டி மறுபக்கம் வந்துவிட்டது. தங்கத்தைப் போட்டு, மேலும் கீழும் மெழுகு வைத்து அடைத்து, பெயிண்டைப் பூசிவிட்டார். சூடாமணி கும்பிட்டுக்கொண்டாள். அவள் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்கு ஒரு வேளைதான்.

ராத்திரிச் சாப்பாட்டில் சந்தானம் மகளிடம் பெருமையாகச் சொன்னார். “அடியில ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் போச்சு. அதுக்குத்தான் நான் அம்புட்டு பாத்துப் பாத்துச் செய்யிறேன்.”

மறுநாள் ஆண்டிச்சாமியைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். “மெழுகு தாங்கும்க்கா” என்றார். பிறகு கொட்டகைத் தகரத்தை அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். “இந்த வெக்கையிலதான் என்ன ஆகும்னு தெரியல.”

அதிலிருந்து அவள் மெழுகு உருகாமலிருக்கச் சாக்கை நனைத்து நனைத்துப் படகின் மேல் போட்டாள். படகு மேல் அவளுக்குப் பாசம் வந்துவிட்டது என்று தெரு பேசிக்கொண்டது, சந்தானமும் அப்படித்தான் நினைத்தார். சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறப்பாள். சொன்னால் பிரித்துப் போடுவார். பிரித்துப் போட்டால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாரோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்வாள். சொல்லாவிட்டால் மூழ்கிவிடுவார். இரண்டு பக்கமும் இடி. பாவம், அரைச் சுற்று இளைத்தே போனாள்.

கார்த்திகையில் மழை கொட்டி விளாங்குடிக் கண்மாய் நிறைந்தது. டயர் வண்டியில் படகை ஏற்றிப்போனோம். புது வண்டிக்குச் செய்வதைப்போல சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்தார்கள். சந்தானம் புதுச் சட்டையில் இருந்தார். முதல் ஆளாக இந்துப்ரியா ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் காலடியில் பெயிண்ட் வெடித்து, மெழுகு பெயர்ந்து கிடந்தது சூடாமணிக்கு மட்டும் தெரிந்தது.

“நீ எறங்கு. அம்மா போறேன்” என்றாள். பிள்ளை அழுதது. கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டு, பட்டுச்சேலையைச் சுருட்டிக்கொண்டு தானே ஏறி, துளையின் மேல் குதிகாலை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். சந்தானத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. “நீ ஏறவே மாட்டேன்னுல்ல நெனச்சேன்” என்றபடி அவரும் ஏறினார்.

வாடைக்காற்று பாயை நிறைத்தது. படகு ஓடியது, கரையில் கைதட்டினார்கள். நடுக்கண்மாயில் அவள் குதிகாலைச் சுற்றித் தண்ணீர் கசிந்து விரல்களுக்கு வந்தது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. தங்கம், துளை, மெழுகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

சந்தானம் திரும்பிக் கரையைப் பார்த்தார். பிறகு, “காத்த எதுத்துத் திருப்ப எனக்கு இன்னும் தெரியாது” என்றார். “அக்கரைக்குத்தான் போகணும். காலை எடுத்துராத.”

அவள் காலை எடுக்கவில்லை. அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறுகையால், படகிலேயே கிடந்த பூஜைச் சொம்பில் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். அக்கரைச் சேற்றில் படகு குத்தி நின்றபோது இருவருக்கும் முழங்கால் வரை நனைந்திருந்தது.

“ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொன்னா நீங்க திரும்பப் படுத்துருவீங்க.”

“ரெண்டு பேரும் முங்கியிருந்தா பிள்ளைக்கு யாரு?”

எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கு அந்தப் பயம் மட்டும் வரவே இல்லை. “ஒங்களத் தனியா விட மனசு வரல” என்றாள்.

அதற்குள் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு மொத்தத் தெருவும் வந்துவிட்டது. என்ன ஆச்சு, ஏன் இம்புட்டுத் தண்ணி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சூடாமணி அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அடியில ஒரு ஓட்டைய விட்டுட்டேன்” என்றார் சந்தானம், சட்டையைப் பிழிந்தபடி. “என் தப்புதான். நாளைக்குக் காலையில அடைக்கணும். ஆண்டிச்சாமி, வெள்ளன வந்துருங்க.”

நாளைக்கு என்று அவர் சொன்னதைக் கேட்டதும் சூடாமணி சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தண்ணீரைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று எல்லோரும் அவளைத் தேற்றினார்கள்.