பெயர் மாறி வந்த பெட்டி

“பொட்டிக்குள்ள இருந்தது எம் மகதான்னு நீ பாத்தியா?”

வேலாயி அத்தை என்னிடம் இப்படிக் கேட்டபோது எங்கள் வீட்டு டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நாடகம் பார்க்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ஆரம்பிச்சிட்டா! வேலாயி, அந்த நாடகத்துல திரும்பி வந்தவ ஒம் மகளா?”

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

அத்தை பக்கத்து வீடு. புசல்லாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். புருஷன் இறந்துவிட்டார், ஒரே பிள்ளை சஞ்சீவனி. அவள் என் வகுப்புத்தான். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளியை விட்டாள். வெளிநாட்டு வீட்டு வேலைக்கு அவளுக்கு வயது போதவில்லை. அதனால் கண்டியில் ஓர் ஏஜென்சி, மதுஷா என்று வயதில் மூத்த யாரோ ஒருத்தியின் பெயரில் அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தது. “ரெண்டு வருசந்தானே புள்ள, வந்தோன்ன மறுபடி நான் நானாயிருவேன்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்துவிட்டு வேனில் ஏறினாள்.

கொஞ்ச நாளில் அவளுடைய ஃபோன் நின்றுபோனது. பிறகு, செத்துவிட்டாள் என்று ஏஜென்சி மூலம் ஒரு சவப்பெட்டி வந்தது. அதன் மேல் மதுஷா என்று எழுதியிருந்தது.

முகம் பார்க்காமல் எங்கள் தோட்டத்தில் யாரையும் புதைப்பதில்லை. பால் குடிக்கும் பிள்ளை செத்தால்கூடத் துணியை விலக்கித் தாய்க்குக் காட்டுவார்கள். அன்று மட்டும் காட்டவில்லை. “ஒடம்பு பழுதாகியிருச்சாம், தொறக்கக் கூடாதாம்” என்றார் மோகனராஜ். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயிலுக்கும் அவர்தான் தலைவர். அவர் சொன்னால் சரி. இருட்டுவதற்குள் புதைத்தும் விட்டார்கள்.

அத்தை கருமாதி செய்ய மாட்டேன் என்றார். படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. அவரோடு நான் கண்டிக்குப் போனேன். ஏஜென்சியில் இருந்தவன் ரோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி, “பேர் எதுவா இருந்தா என்னம்மா, ஆள் ஒண்ணுதானே?” என்றான். ஆள் ஒன்றுதான் என்பதை யார் பார்த்தது? அதைத்தானே கேட்க வந்தோம்! வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவன் திரும்பி வரவே இல்லை.

அந்த மர்ம நாடகம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதிலும் மூடிய பெட்டியைப் புதைக்கிறார்கள். சில நாட்களில் ஒருத்தி ஊருக்குள் நடந்து வந்து, “நான்தான் அந்த மகள்” என்கிறாள். தாய் நம்புகிறாள். ஊர் பேய் என்கிறது. தினமும் பாதி திறந்த கதவோடு கதை நின்றுவிடும். எங்கள் வீட்டில் உடனே சண்டை தொடங்கிவிடும்.

“பேயேதான். பாரு, கண்ணு சிமிட்டவே மாட்டேங்குது!”

“போடி, அது செத்தவளோட தங்கச்சி!”

திரையில் அந்தப் பொய்த் தாய் அழுதால் இவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உண்மையான தாய் அதே கேள்வியைக் கேட்டால், டிவி பார்த்துப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். நாடகம் வருவதற்கு முன்பே அவர் கேட்டது யாருக்கும் நினைவில்லை.

கடைசி நாளன்று நாடகத்தில் பெட்டியைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே இருந்தது மகள்தான். வந்தவள் ஏமாற்றுக்காரி.

“பாத்தியா வேலாயி? செத்தவ செத்தவதான்” என்றாள் மோகனராஜின் மனைவி.

அத்தை எழுந்து முந்தானையை உதறினார். “அந்தம்மாவுக்குத் தொறந்து காட்டிட்டாங்கள்ல. எனக்கு யாரு காட்டுனா?”

யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் மாரியம்மன் தேர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தேரை நிறுத்தி அர்ச்சனைத் தட்டு வாங்குவார்கள். கருமாதி செய்யாத வீடு தீட்டு, அங்கே தேர் நிற்காது என்று மோகனராஜ் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். ஆனாலும் அத்தை வாசலில் தண்ணீர் தெளித்து, தேங்காயும் பூவும் வைத்த தட்டோடு நின்றார்.

“இழுங்க, இழுங்க, நிக்க வேணாம்!” என்று கத்தினார் மோகனராஜ்.

பெண்கள் பக்கத்து வடத்தில் நானும் இருந்தேன். கையை விட்டுவிட்டேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்; மறுபடி வடத்தைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவளும் விட்டாள். அப்புறம் அந்த வடமே தரையில் கிடந்தது. தேர் நின்றது.

பூசாரி தலைவரைப் பார்த்தார், வடத்தைப் பார்த்தார், தட்டை வாங்கினார். “யாரு பேருக்கும்மா?”

“சஞ்சீவனி. பூரட்டாதி.”

செத்தவர் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை.

“சொல்லுங்க சாமி. செத்துட்டான்னு தெரிஞ்சா நானே மாலை போடுறேன். தெரியிற வரைக்கும் அவ பேரச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

சஞ்சீவனி உயிரோடு இருக்கிறாளா என்பது எனக்கு இன்றும் தெரியாது. பெட்டியைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அத்தையும் நானும் பொலிஸுக்கு அலைந்துகொண்டிருக்கிறோம். “நாளைக்கு வாங்க” என்கிறார்கள்.

இதை வாசிக்கிறவர்கள் வெளிநாட்டு வீடுகளில் வேலை செய்யும் உங்கள் அக்கா, தங்கச்சிமாருக்கு அனுப்புங்கள். மதுஷா என்ற பெயரில் இடது புருவத்தில் தழும்புள்ள ஒருத்தியை அவர்களில் யாராவது கண்டிருக்கலாம். வேறொருத்தியின் பெயரில் வேன் ஏறக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது சஞ்சீவனி என்று அவளுடைய சொந்தப் பெயரையே சொல்லுங்கள்.