ஆற்றங்கரையில் நான் கட்டிய கயிறு

என் மகள் தண்ணீரில்தான் போய்விடுவாள் என்று அவள் பிறந்ததிலிருந்தே எனக்குள் ஒரு பயம் இருந்தது. ஜோசியர் யாரும் சொல்லவில்லை, கெட்ட கனவும் வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் ஆறு இருந்தது, வீட்டில் ஒரே ஒரு பெண் குழந்தை இருந்தது. பயப்பட என் மனசுக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கேட்டால் ஆரணிக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஆறான கமண்டல நாகநதியில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் கிடக்கும். "மணல்ல எவ முழுகிப் போவா?" என்று என் வீட்டுக்காரரே கிண்டல் செய்வார். ஆனால் ஆபத்து அந்த மணலில்தான் இருந்தது. வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போன இடமெல்லாம் ஆள் உயரக் குழிகள். மழை வந்தால் அவை நிரம்பிவிடும். மேலிருந்து பார்த்தால் முழங்கால் தண்ணீர் என்றுதான் தோன்றும். எழுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதம், பின்தெருவில் ஒரு பெண் குழந்தை அப்படியொரு குழியில் போய்விட்டது. என் மகளோடு உட்கார்ந்து சோழி ஆடிய குழந்தை. சாவு வீட்டுக்குப் போனவள் வாசலைத் தாண்டி உள்ளே போக முடியாமல் திரும்பி வந்தேன். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தால் அது எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

அதற்குப் பிறகுதான் கரையைச் சீர்படுத்தும் பேச்சு எழுந்தது. கிளப்பியவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். நான் கதவைத் தாழ் போட்டுப் பெண்ணை உள்ளே வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் அதற்கு நேர் எதிராக யோசித்தார்.

"எத்தினி நாளு பூட்டி வெப்பே? கரைய நாம எடுத்துக்கணும். எப்பவும் நாலு ஜனம் வந்து போய்கினு இருக்கற எடமா பண்ணிட்டா, எவனும் குழி தோண்ட வரமாட்டான். கொழந்தைங்களும் தனியா போய் மாட்டிக்காது" என்றார்.

அப்போது கரை கண்ணிலேயே படாது. சீமைக்கருவேல முள் ஒரு சுவராக நின்றது. அதன் நடுவே குப்பை, காலைக்கடனுக்கு ஒதுங்குகிறவர்களின் ஒற்றையடிப் பாதை. அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்கார மாட்டோம். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு ஓய்வு. அந்த நாளைத் தெருவே சேர்ந்து ஆற்றுக்குக் கொடுத்தது. ஆண்கள் முள்ளை வெட்டி வேரோடு தோண்டினார்கள், பெண்கள் இழுத்துப் போட்டோம். மணல் ஏற்றி ஓட்டும் மாட்டுவண்டிக்காரர் ஒருவர், குழி தோண்டின கூட்டத்தில் நாமும் இருந்தோமே என்ற உறுத்தலோ என்னவோ, வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து குழிகளைத் தூர்த்தார். பட்டுநூலைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கைகள் எங்களுடையவை. ஒவ்வொரு அமாவாசைக்கு மறுநாளும் தெரு முழுக்க வீங்கிய விரல்களோடு நெய்தது.

இரண்டு வருஷத்தில் நாங்கள் நட்ட புங்கனும் பூவரசும் நாவலும் ஆள் உயரம் வந்தன. மண் அரிக்காமல் இருக்கக் கரையோரம் நாணல் நட்டார்கள். நாணல் வேண்டவே வேண்டாம், பாம்பு வரும், பிடுங்கிப் போடுங்கள் என்று நான் கத்தினேன். யாரும் கேட்கவில்லை. பாம்பும் வந்தது. அதன் பின்னால் மீன்கொத்தி வந்தது, தூக்கணாங்குருவி வந்து நாணலைக் கிழித்துக் கூடு பின்னியது. "நம்ம தொழில்காரங்க வந்துட்டாங்கடி" என்று பெண்கள் கேலி பேசிக்கொண்டு மாலையில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெருக்களிலிருந்தும் வந்தார்கள். கல் பாவிய படித்துறை ஒன்றும் எழும்பியது. எல்லாரும் குருவியைப் பார்த்தார்கள். நான் மட்டும், என் மகள் கடைசிப் படியிலிருந்து எத்தனை படி மேலே நிற்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

படியில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இல்லாமல் என் பெண் அங்கே கால் வைக்க மாட்டாள் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

"அதுக்கின்னா, கத்தாழ நாருல திரிச்சிக் கட்டுங்க. தண்ணிக்கும் தாங்கும், காத்துக்கும் தாங்கும்" என்றார் வண்டிக்காரர்.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாங்க நீங்க, பட்டுக்காரங்க தெருவுல வந்து நாரு வெல பேசறீங்க?" என்று நானே கேட்டேன். ஒற்றைப் பட்டு இழையைச் சட்டென்று இழுத்தால் விரல்தான் அறுபடும். அதை நூற்றுக்கணக்கில் சேர்த்து முறுக்கினால் யானையைக் கட்டலாம் என்பது எங்கள் நினைப்பு. சேலை அறுத்தெடுத்த பிறகு தறியில் மிஞ்சும் பாவு நூலை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை எல்லாம் கலந்து, பத்து மத்தியானங்கள் உட்கார்ந்து முறுக்கினேன். என் மகளின் மணிக்கட்டுப் பருமன் வந்தது. மாசி மாதத்தில், படித்துறையின் இரண்டு பக்கக் கல்தூணிலும் இழுத்துக் கட்டினோம். ஊரில் எந்தக் குளத்துக்கும் இல்லாத அழகு எங்கள் படித்துறைக்கு வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கும் கர்வம்தான்.

"தண்ணி வந்தா இதப் புடிச்சிக்கோ. அம்மா முறுக்கனது, அறாது" என்று மகளிடம் சொல்லி வைத்தேன். அன்றைக்குத்தான், பல வருஷங்களுக்குப் பிறகு, வயிற்றில் பயமில்லாமல் சோறு தின்றேன்.

பங்குனி, சித்திரை, வைகாசி. அந்த வெயிலைப் பற்றி எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆடி பிறக்கும்போது கயிற்றில் அரக்கு எது, மஞ்சள் எது என்று தெரியவில்லை. எல்லாம் வெளிறிப்போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! நேராகச் சாயப்பட்டறைக்குப் போய் சாயக்காரரைக் கையோடு படித்துறைக்கு இழுத்துவந்தேன்.

"இன்னா சாயம் போட்டீங்க? ஆறு மாசம் கூட நிக்கல. இதே நூல்ல கல்யாணச் சேலை நெய்றோம், நாளைக்கி கடைக்காரன் நம்ம மூஞ்சில காறித் துப்ப மாட்டானா?"

அவர் கயிற்றைத் தடவிப் பார்த்தார். "தண்ணி கோளாறா இருக்கும்ங்க. அடுத்த தபா இன்னும் கொஞ்சம் காச்சி எறக்கறேன். பேஜார் பண்ணாதீங்க" என்றார்.

அப்போது உச்சி வெயில். என் முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு அவரோடு சண்டை போட்டேன். சாயம் ஏற்றிய நூலை நாங்கள் நிழலில்தான் உலர்த்துவோம். ஒரு சிட்டம் நூலை மறந்துபோய் வெயிலில் விட்ட குழந்தையின் முதுகில் ஒன்று வைப்போம், இழை பொடிந்துவிடும் என்று. தொழில் தெரிந்த இரண்டு பேர், ஐந்து மாதம் வெயிலில் கிடந்த பட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நிறத்தைப் பற்றியே பேசிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில், மலைப் பக்கம் பெரிய மழை. ஆரணியில் தூறல்தான். சேலைகளை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் தெருவெல்லாம் தறிச் சத்தம். மாலை நாலு மணி இருக்கும்.

"ஆத்துல தண்ணி வந்துகினு கீது! ஜல்தி வாங்க!" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள்.

தறிக்குழியிலிருந்து எழுந்தேன். பள்ளிக்கூடம் விட்டிருக்கும். என் மகள் வீட்டுக்கு வரவில்லை. எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. கரையில் திருவிழாக் கூட்டம். புதுத்தண்ணீருக்கு மஞ்சள் குங்குமம் தூவிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். செங்காவி நிறத்தில் தண்ணீர் மேல்படிக்கு ஏறிக்கொண்டிருந்தது. என் மகள் மேலிருந்து மூன்றாம் படியில், கணுக்கால் நனைய, ஒரு கையில் பையோடு நின்றாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

"கயித்தப் புடிச்சிக்கோ!" என்று நான்தான் கத்தினேன்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். பையைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் சாய்த்தாள். தறியில் ஒரே ஒரு இழை அறுந்தாலும் என் காது கண்டுபிடித்துவிடும். அந்தக் கயிறு சத்தமே போடவில்லை. ஊறிய அப்பளம் விடுவதுபோல விட்டது.

அவள் போனாள். நான் நின்றேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூசுகிறது. பெற்றவள் குதிக்கவில்லை, கால் வரவில்லை. எட்டு வருஷமாக எதற்குப் பயந்தேனோ அது கண்ணெதிரில் நடந்தது, எனக்கு வாயைத் திறந்து அவளைக் கூப்பிடக்கூட வரவில்லை. என் வீட்டுக்காரரும் வண்டிக்காரரும் கரையோடு ஓடினார்கள். இருபது அடி கீழே நாணலில் சிக்கிக் கிடந்தாள். நான் பிடுங்கச் சொன்ன நாணல்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்கிவந்து மேட்டில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார்கள். தண்ணீரைக் கக்கினாள், அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் நான் சேற்றில் உட்கார்ந்தேன்.

அவள் மூடிய கைக்குள் கயிற்றுத் துண்டு இருந்தது. என் வீட்டுக்காரர் விரல்களைப் பிரித்து அதை எடுத்து நசுக்கிப் பார்த்தார். உதிர்ந்தது. "வெயிலு" என்றார். அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் நெசவுக்காரர்கள், அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவராவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த அமாவாசைக்கு வண்டிக்காரர் கற்றாழை நார்க் கயிறு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்குச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிவிட்டுப் போனார்.

நான் மகளை ஆற்றுப் பக்கமே விடவில்லை. தை பிறந்தது. காணும் பொங்கலுக்கு ஊரே கட்டுச்சோறோடு எங்கள் கரைக்கு வந்தது, மரத்தடியில் உட்கார இடமில்லை. இனியும் அடைத்து வைத்தால் அவளும் உன்னைப்போலவே ஆகிவிடுவாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அது சுருக்கென்று தைத்தது. கூட்டிக்கொண்டு போனேன்.

தண்ணீர் வடிந்து, கடைசிப் படியை ஒட்டித் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் இறங்குவதற்கு முன் கல்தூணில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் புதுக் கயிற்றைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை. பிறகு ஒரு கையால் அதைப் பிடித்தாள்.

மற்ற கைக்கு நான் என் கையை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பற்றி, கயிற்றை இழுத்தது போலவே, வெடுக்கென்று மூன்றுமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தாள்.