எழுபது வளைவும் அறுபது கார்டும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் மச்சான் சொல்லிவிடுவார். அறுபது கார்டு கொண்ட டெக்கில் அறுபது விதமான கார்டு இருந்தால் நம்மை எவனாலும் அசைக்க முடியாது என்று நான் நம்பினேன்.

அப்படி நம்பியதற்கு ஒரு நியாயம் இருந்தது. எங்கள் மலையில் ஊருக்கு நாடு என்று பேர். எங்கள் வளப்பூர் நாட்டில் யாரும் ஒற்றைப் பயிரை நம்பி உட்காருவதில்லை. சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறும், அடியில் காப்பி நிற்கும், ஓரத்தில் பலா, மிச்ச இடத்தில் மரவள்ளி. மிளகு காலை வாரினால் காப்பி தாங்கும். காப்பியும் போனால் கிழங்கைத் தின்றுவிட்டு அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஞானத்தை அப்படியே சீட்டில் இறக்கினேன்.

சீட்டு என்றால் ரம்மி இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. நோட்டு, பேனா, ரீசார்ஜ். சேலத்து மொத்த வியாபாரி ஒரு பெட்டி கார்டு பாக்கெட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஒன்றுகூட விற்கவில்லை. என்னதான் இருக்கிறது என்று ஒன்றைப் பிரித்தேன். நாற்பத்தேழு வயதில் ஒரு மனுசன் கெட்டுப்போக ஒரு பாக்கெட் போதும். கார்டுக்கு ஒரு மிருகம். அதற்குத் தீனிக் கார்டு போட்டால்தான் அது எதிராளியை அடிக்கும். ஆளுக்கு அறுபது கார்டைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து எதிரெதிரே உட்கார வேண்டும். அந்த அறுபதுக்குப் பெயர்தான் டெக். ஒரே மிருகத்தை நாலு தடவை வரை வைக்கலாம். விவரமானவர்கள் நாலும் வைப்பார்கள், வேண்டியது வேண்டிய நேரத்தில் கைக்கு வரட்டும் என்று. நான் கதம்பம் கட்டினேன்.

போன வருசம் நாமக்கல்லில் ஒரு பொம்மைக் கடை மாடியில் போட்டி. கதம்பத்தோடு போனேன். கரடி வந்தால் கரடி தின்கிற தீனி வரவில்லை; தீனி வந்தபோது கரடி செத்திருந்தது. நாலு ஆட்டமும் போச்சு. அதிலும் முதல் ஆட்டம் முடிந்து நான் படியிறங்கி வந்தபோது, துணைக்கு வந்திருந்த மச்சான் எனக்கென்று வாங்கி வைத்த டீ இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மச்சான் என் வீட்டுக்காரியின் அண்ணன், பலாப்பழ லோடு அடிக்கிற லாரிக்காரர். அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து விடவில்லை, பந்தி முடிந்ததும் டீக்கதைதான்.

"மாப்ள தோத்துட்டு வந்து ஒரு வாய் குடிச்சாப்ல. நாக்கு சுட்டுருச்சு."

ஆகவே இந்த வருசம் எனக்குக் கோப்பை வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும். அந்த டீ ஆறியாக வேண்டும்.

மூன்று மாதம் யோசித்து ஆமை டெக் கட்டினேன். நாலு ஆமை, அவற்றுக்கு வேண்டிய தீனி, காபந்து பண்ண நண்டும் நத்தையும். ஆமை அடி வாங்கிக்கொண்டே கிடக்கும். எதிராளி களைத்த பிறகு எழுந்து ஒரே போடு. மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் வீட்டுக்காரிதான் எதிரே உட்காருவாள். மடியில் முறத்தை வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டே ஆடுவாள். நான் ஆமையை எப்போது எழுப்ப வேண்டும் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். "இன்னும் ஒரு சுத்து பொறுங்க" என்பாள். பொறுக்காமல் எழுப்பித் தோற்பேன்.

போட்டி நாள் காலையில் மூன்று பேரும் பஸ் ஏறினோம். மச்சானும் இந்த வருசம் பித்துப் பிடித்து ஒரு டெக்கோடு வந்திருந்தார். வீட்டுக்காரி நாமக்கல்லில் குக்கருக்கு ரப்பர் வாங்க வேண்டும் என்று வந்தாள். என் மடியில் ஆமை டெக். காலடியில் ஒரு மஞ்சப்பை நிறைய உபரிக் கார்டு. பேர் கொடுக்கும்போதுதான் டெக்கை எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவரை மாற்றலாம் என்பது விதி. அந்த விதியை எழுதினவர் எங்கள் மலைப்பாதையில் பஸ்ஸில் வந்திருக்க மாட்டார்.

பக்கத்து சீட்டில் எடப்புளி நாட்டுப் பெரியம்மா ஒருத்தர் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கார்டைக் கலைப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டு, கிளி எங்கே சாமி என்று கேட்டார். ஜோசியம் இல்லீங்க என்றேன். பரவாயில்லை, எனக்கும் ஒண்ணு எடு என்றார். எடுத்தேன். ஆமை. பெரியம்மா கையை உதறிக்கொண்டார்.

"ஆமை பூந்த ஊடு வெளங்குமா சாமி? இதையா மடியில கட்டிட்டுப் போற?"

மூன்று மாதத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. முன்சீட்டிலிருந்து மச்சான் திரும்பினார். அவர் டெக்கில் நாலு பருந்து. ஆமையெல்லாம் போன வருசத்துச் சரக்கு மாப்ள, இப்ப ஊரே பருந்துதான், மேலயிருந்து ஒரே கொத்து, ஓடு ஒடஞ்சிரும் என்றார். சொல்லிவிட்டு நிம்மதியாகக் கடலை தின்றார்.

பஸ் எழுபதாம் வளைவில் திரும்பியது. எங்கள் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து எண் போட்டிருப்பதால் இறங்குகிறவனுக்கு எழுபது, அறுபத்தொன்பது என்று குறைந்துகொண்டே வரும். பரீட்சை முடிய எவ்வளவு நேரம் என்று யாரோ பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி. அந்த முதல் வளைவிலேயே ஒரு ஆமையை உருவி வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு ஒரு பருந்தைச் செருகினேன். அடுத்த வளைவில், பருந்துக்குப் பயந்து எல்லாரும் முள்ளம்பன்றி கொண்டுவந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. நண்டைக் கொடுத்து நரியைச் செருகினேன். வளைவுக்கு ஒரு பயம், பயத்துக்கு ஒரு கார்டு. நாற்பத்து மூன்றில் பின்னாலிருந்து ஒரு பலாப்பழம் உருண்டு வந்து என் மஞ்சப்பையை இடித்தது. அதையும் சகுனமாக எடுத்துக்கொண்டு ஒரு யானையைச் செருகினேன்.

வீட்டுக்காரி நான் கொடுத்ததையெல்லாம் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டே வந்தாள். முப்பதாம் வளைவில் மட்டும் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, ஆமை நம்ம ஊட்டுக்குள்ள பூந்து மூணு மாசமாச்சு. ஊடு நல்லாத்தான இருக்குது?"

அது கேட்கிற நிலையில் நான் இல்லை. வளைவு எழுபது, கார்டு அறுபது. பத்தாம் வளைவுக்குள் பழைய டெக் முழுக்கக் கை மாறிவிட்டது. மிச்சப் பத்து வளைவில் புதிதாய்ச் செருகியதையும் மாற்றினேன். அடிவாரத்தில் பஸ் நின்றதும் எண்ணிப் பார்த்தேன். அறுபது சரியாக இருந்தது. அறுபதும் அறுபது விதம். மறுபடியும் மிளகு, காப்பி, பலா, மரவள்ளி.

பொம்மைக் கடை மாடியில் என்னையும் மச்சானையும் சேர்த்துப் பதினைந்து பேர். ஜோடி சேராமல் ஒருத்தர் சும்மா உட்கார வேண்டியிருக்கும், இன்னும் ஒருத்தர் இருந்தால் நல்லது என்று போட்டி நடத்தினவர் சுற்றிப் பார்த்தார். வீட்டுக்காரி கைப்பையைத் திறந்தாள். எழுபது கார்டிலிருந்து கடைசியில் வந்த பத்தை மட்டும் எடுத்து என்னிடம் நீட்டினாள். மீதி அறுபதை வரிசை மாறாமல் எழுதிக் கொடுத்தாள். மூன்று மாதம் நான் யோசித்த டெக்.

முதல் ஆட்டத்துக்கு ஜோடி போட்டார்கள். எனக்கு எதிரே வீட்டுக்காரி.

என் நரி அடித்தது, ஆமை வாங்கிக்கொண்டது. என் யானை வந்தது, தீனி வரவில்லை. மச்சான் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு சுத்து பொறு, பொறு என்று நான்தான் மனசுக்குள் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், எதிரி நான் என்பதை மறந்து. அவள் பொறுத்தாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அடிக்கட்டுங்களா?"

அடி அம்மிணி என்றேன். வேறென்ன சொல்வது?

அந்தப் போட்டியில் தோற்றவனுக்குத் தோற்றவனோடும் ஜெயித்தவனுக்கு ஜெயித்தவனோடும் அடுத்த ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் ஜன்னலோர மேசையை நோக்கி நகர்ந்தாள், நான் கழிவறைக் கதவை நோக்கி நகர்ந்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் தோற்றேன். நாலாவதுக்குக் கடைசி மேசையில் போய் உட்கார்ந்தேன். மூன்றும் தோற்ற இன்னொரு ஆள் வர வேண்டும். வந்தார். கடலைப் பொட்டலத்தோடு.

மச்சான் கையில் நாலு பருந்தும் ஒன்றாக வந்து குந்திக்கொண்டன, ஒன்றுக்கும் தீனி இல்லை. என் கையில் ஒரு அணில். அணிலுக்கு எந்தத் தீனியும் ஆகும். கொறித்துக் கொறித்து அடித்தது. அவர் சீட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் கொறித்துக்கொண்டே இருந்தேன். முடிந்ததும் கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கீழ போயி டீ சொல்லட்டுமா மாப்ள?" என்றார். சொன்னார். நிதானமாக ஆற்றிக் குடித்தேன்.

மொத்தம் பதினாறு பேர். வீட்டுக்காரி இரண்டாவது, நான் பதினைந்தாவது, மச்சான் பதினாறாவது.